பத்திரிகை தொடங்கிய பாரிஸ்டர் தூதர் ஆனார்!
பதவியை உதறிவிட்டு மீண்டும் பேனா பிடித்த கேசவ மேனன்

இரும்பை ஒரு சின்ன ஊர். விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோவில் அங்கே இருக்கிறது. இரும்பையில் இருந்து கிழக்கே போனால் கடல். கடற்கரை ஓரமாக வடக்கே போனால் மரக்காணம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உப்பளம்!

பொழுது விடியும் முன்பே உப்பளத்தில் வேலை தொடங்கிவிடும். பாத்தி கட்டி, உப்புத் தண்ணீரைப் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, பலகையால் வாரிக் குவிக்கிறார்கள். கடல் தண்ணீர் எல்லோருக்கும் பொது. ஆனால் அந்தத் தண்ணீரில் விளையும் உப்பை ஏழை எடுத்தால் குற்றம் என்று வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு காலத்தில் சட்டம் வைத்திருந்தது. அந்தச் சட்டத்தை உடைக்க 1930-ம் ஆண்டில் காந்தியடிகள் தண்டிக்குப் போனார். தமிழ்நாட்டில் ராஜாஜி வேதாரண்யத்துக்குப் போனார். அதே ஏப்ரல் மாதத்தில், மலையாளக் கரையில் கேளப்பன் என்பவர் பையனூர் கடற்கரைக்குத் தொண்டர் படையோடு நடந்து போனார்.

இந்தக் கேளப்பன் யார்? "மாத்ருபூமி" என்ற பத்திரிகையை வளர்த்தவர்களில் ஒருவர். அந்தப் பத்திரிகையைத் தொடங்கி, அதன் முதல் ஆசிரியராக இருந்தவர் வேறு ஒருவர். அவர் பாரிஸ்டர் படித்தவர். ராஜா வீட்டுப் பேரன். தீண்டாமையை எதிர்த்துச் சிறைக்குப் போனவர். கடல் கடந்து போய் ஜப்பான்காரனிடமும் சிறைப்பட்டவர். பிறகு சுதந்திர இந்தியாவின் தூதராக இலங்கைக்குப் போனவர்.

அவர்தான் கே.பி.கேசவ மேனன்.

பாலக்காட்டுப் பேரன்

கேசவ மேனன் 1886-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 1-ந் தேதி பிறந்தார். ஊர், பாலக்காட்டை அடுத்த தரூர். பாலக்காட்டு ராஜாவின் பேரன் அவர்.

அந்தக் காலத்தில் பாலக்காடு மலபார் ஜில்லாவில் இருந்தது. மலபார் ஜில்லா சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆகவே தமிழரும் மலையாளியும் ஒரே மாகாணத்துக்காரர்கள்தான். கோவையில் இருந்து ரெயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பாலக்காடு!

கேசவ மேனன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பிறகு கப்பல் ஏறி லண்டனுக்குப் போனார். அங்கே "மிடில் டெம்பிள்" என்ற புகழ்பெற்ற சட்ட நிலையத்தில் படித்து பாரிஸ்டர் ஆனார். தாயகம் திரும்பியதும், சீமையில் தாம் கண்டதையும் கேட்டதையும் "பிலாத்தி விசேஷம்" என்று ஒரு புத்தகமாக எழுதினார். பிலாத்தி என்றால் இங்கிலாந்து. எழுத்து ஆசை அப்போதே வந்துவிட்டது.

பாரிஸ்டர் என்றால் அந்த நாளில் பெரிய மதிப்பு. கருப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் பணம் தேடி வரும். கேசவ மேனனும் வக்கீல் தொழில் செய்தார். ஆனால் மனம் அதிலேயே தங்கவில்லை. அன்னி பெசன்ட் அம்மையார் நடத்திய "ஹோம் ரூல்" இயக்கத்தில் சேர்ந்தார். "எங்கள் நாட்டை நாங்களே ஆள வேண்டும்" என்பதுதான் அந்த இயக்கத்தின் கோரிக்கை. பிறகு காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. கோர்ட்டைப் புறக்கணியுங்கள் என்றார் காந்தியடிகள். கேசவ மேனன் வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் காங்கிரசு வேலையில் இறங்கினார்.

பற்றி எரிந்த மலபார்

1921-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மலபாரில் பெரிய கலவரம் மூண்டது. மாப்பிள்ளைக் கலகம் என்று அதைச் சொல்வார்கள். ஊர் ஊராகத் தீ பரவியது. ராணுவச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் மாதம், பிடிபட்டவர்களைக் காற்றுப் போகாத கூட்ஸ் வண்டியில் அடைத்துக் கோவைப் பக்கம் அனுப்பினார்கள். வழியிலேயே மூச்சு முட்டி சுமார் 70 பேர் மாண்டார்கள். நாடே திடுக்கிட்டது.

கலவரம் நடந்த இடங்களில் சமாதானம் செய்யப் பாடுபட்ட காங்கிரசுத் தலைவர்களில் கேசவ மேனனும் ஒருவர். அந்த நேரத்தில் ஓர் உண்மை எல்லோருக்கும் புரிந்தது. செய்தி இல்லாத இடத்தில் வதந்திதான் ராஜா! ஓர் ஊரில் என்ன நடந்தது என்று அடுத்த ஊருக்குத் தெரியவில்லை. ஒன்று நடந்தால் ஒன்பதாகப் பேசினார்கள். அரசாங்கம் சொல்வதை மக்கள் நம்பவில்லை. மக்கள் சொல்வதை அரசாங்கம் கேட்கவில்லை.

மக்களுக்கு என்று ஒரு பத்திரிகை வேண்டாமா?

18-ந் தேதி பிறந்த பத்திரிகை

கேசவ மேனனும் கே.மாதவன் நாயர் முதலிய நண்பர்களும் ஒன்று கூடினார்கள். பத்திரிகை நடத்துவது என்று முடிவு செய்தார்கள். பணம்? தனி ஒருவர் முதல் போட்டால் பத்திரிகை அவர் சொன்னபடி ஆடும். ஆகவே ஒரு கம்பெனி தொடங்கி, சிறு சிறு பங்குகளாகப் பொதுமக்களிடமே விற்றார்கள். கோழிக்கோட்டில் ஓர் அச்சகத்தை வாங்கினார்கள்.

1923-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந் தேதி "மாத்ருபூமி"யின் முதல் இதழ் வெளிவந்தது. மாத்ருபூமி என்றால் தாய்நாடு. ஆசிரியர், கே.பி.கேசவ மேனன்.

அந்தத் தேதிக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. அதற்குச் சரியாக ஓர் ஆண்டுக்கு முன்பு, 1922-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி, ஆமதாபாத் கோர்ட்டில் காந்தியடிகளுக்கு 6 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். அவர் செய்த குற்றம் என்ன? தமது பத்திரிகையில் கட்டுரை எழுதியதுதான்! கட்டுரை எழுதியதற்காகக் காந்தியடிகள் சிறைக்குப் போன அதே நாளில் ஒரு புதுப் பத்திரிகை பிறந்தது.

முதலில் மாத்ருபூமி தினசரி அல்ல. வாரத்துக்கு மூன்று நாள் வந்தது. 1930-ம் ஆண்டில்தான் தினசரி ஆயிற்று.

பத்திரிகை நடத்துவது அந்தக் காலத்தில் பஞ்சு மெத்தை அல்ல. எழுத்து எழுத்தாகக் கையால் பொறுக்கி அச்சுக் கோர்க்க வேண்டும். காகிதம் வாங்கக் காசு வேண்டும். அரசாங்கத்துக்குக் கோபம் வந்தால் ஜாமீன் தொகை கட்டு என்பார்கள். கட்ட முடியாவிட்டால் அச்சகத்துக்குப் பூட்டு! இந்தத் தொல்லையால்தான் பாரதியாரின் "இந்தியா" பத்திரிகை 1908-ம் ஆண்டில் சென்னையை விட்டு, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரிக்குப் போயிற்று. இரும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் அதே புதுச்சேரிதான்!

வைக்கத்துத் தெரு

பத்திரிகை தொடங்கி ஓர் ஆண்டு முடிந்தது. ஆசிரியர் நாற்காலியில் கேசவ மேனனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. காரணம், வைக்கம்.

வைக்கம், அந்நாளைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் உள்ள ஊர். அங்கே மகாதேவர் கோவில் இருக்கிறது. கோவிலைச் சுற்றி நான்கு பக்கமும் தெரு. அந்தத் தெருக்களில் மாடு போகலாம், நாய் போகலாம். தாழ்த்தப்பட்ட சாதி என்று ஒதுக்கப்பட்ட மனிதன் மட்டும் போகக்கூடாது! கோவிலுக்குள் நுழைவது இருக்கட்டும். தெருவில் நடக்கவே தடை!

இந்தக் கொடுமையை ஒழிக்கக் கேரளக் காங்கிரசு முடிவு செய்தது. டி.கே.மாதவன், கேளப்பன், கேசவ மேனன் முதலியோர் முன்னால் நின்றார்கள். 1924-ம் ஆண்டு மார்ச் மாதம் 30-ந் தேதி சத்தியாக்கிரகம் தொடங்கியது. தினமும் மூன்று தொண்டர்கள் கைகோர்த்துக்கொண்டு தடை போட்ட தெருவை நோக்கி நடப்பார்கள். போலீசார் பிடித்துக்கொண்டு போவார்கள். மறுநாள் வேறு மூன்று பேர்!

ஏப்ரல் 7-ந் தேதி டி.கே.மாதவனும் கேசவ மேனனும் கைது ஆனார்கள். 6 மாதம் சிறைத் தண்டனை கிடைத்தது. ராஜா வீட்டுப் பேரன், எளிய மனிதன் தெருவில் நடப்பதற்காகத் திருவனந்தபுரம் சிறைக்குப் போனார்.

தலைவர்கள் எல்லோரும் சிறைக்குப் போய்விட்டால் போராட்டம் என்ன ஆகும்? தமிழ்நாட்டுக்கு அழைப்புப் போயிற்று. ஈரோட்டில் இருந்து பெரியார் ஈ.வெ.ராமசாமி புறப்பட்டு ஏப்ரல் 13-ந் தேதி வைக்கம் வந்து சேர்ந்தார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். சமஸ்தான அரசாங்கம் அவரையும் சிறையில் அடைத்தது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை!

கண்ணால் கண்ட சாட்சி

திருவனந்தபுரம் சிறையில் கேசவ மேனன் முதலியோர் அரசியல் கைதிகளாக நடத்தப்பட்டார்கள். பெரியாருக்கு அந்த மரியாதை இல்லை. காலில் விலங்கு. தலையில் கைதிக் குல்லாய். முழங்கால் வரை வேட்டி. கழுத்தில் கைதி எண் எழுதிய மரப்பட்டை. கொலைகாரர், கொள்ளைக்காரர் நடுவே கடும் வேலை.

இதைக் கேசவ மேனன் கண்ணால் பார்த்தார். மனம் பொறுக்கவில்லை. இதை அப்படியே எழுதி வைத்தார். பெரியார் வைக்கத்தில் பட்ட பாட்டுக்கு, கூடவே சிறையில் இருந்த ஒரு மலையாளத் தலைவர் எழுதிய சாட்சி அது. இன்று வரை தமிழ்நாட்டில் அதை எடுத்துக் காட்டுகிறார்கள்.

1924-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள் காலமானார். பிறகு கைதிகள் விடுதலை ஆனார்கள். மறு ஆண்டு காந்தியடிகளே வைக்கத்துக்கு வந்தார். 1925-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கோவிலின் மூன்று பக்கத்துத் தெருக்கள் எல்லோருக்கும் திறந்தன. 1936-ம் ஆண்டு திருவிதாங்கூர்க் கோவில்களே எல்லா இந்துக்களுக்கும் திறந்தன.

கடல் கடந்து போனார்

1927-ம் ஆண்டில் கேசவ மேனன் மலேயாவுக்குக் கப்பல் ஏறினார். சிங்கப்பூரில் வக்கீல் தொழில் செய்தார்.

அந்த நாளில் மலேயா ரப்பர்த் தோட்டங்களில் லட்சக்கணக்கான தமிழர் கூலி வேலை செய்து வந்தார்கள். விடியுமுன் எழுந்து, ரப்பர் மரத்தைச் சீவி, பால் எடுக்க வேண்டும். அந்த இந்தியர்களின் பொது வாழ்விலும் கேசவ மேனன் முன்னால் நின்றார்.

1942-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. "அசைக்க முடியாத கோட்டை" என்று வெள்ளைக்காரர் பெருமை அடித்த ஊர் அது! பல ஆயிரம் இந்தியச் சிப்பாய்கள் கைதி ஆனார்கள். அவர்களைக் கொண்டு இந்திய தேசிய ராணுவம் அமைத்தார் மோகன் சிங்.

அதே ஆண்டு ஜூன் மாதம் பாங்காக் நகரில் மாநாடு கூடியது. ராஷ் பிகாரி போஸ் தலைமையில் ஒரு செயற்குழு அமைந்தது. அதில் கேசவ மேனனும் ஓர் உறுப்பினர். அவருக்குக் கிடைத்த பொறுப்பு, பிரசார இலாகா. பத்திரிகைக்காரருக்கு ஏற்ற வேலை!

ஆனால் சீக்கிரமே சங்கடம் வந்தது. "இந்தியாவை விடுவிக்கத்தான் ஜப்பான் உதவுகிறது. இந்தியாவைப் பிடிக்க அல்ல" என்று ஜப்பான் அரசாங்கம் தெளிவாக எழுதித்தர வேண்டும் என்று செயற்குழுவில் கேட்டார்கள். ஜப்பான் பிடி கொடுக்காமல் நழுவியது. ஒரு எஜமானனை விரட்டிவிட்டு இன்னொரு எஜமானனைக் கூப்பிடவா போராட்டம்? 1942-ம் ஆண்டு டிசம்பரில் மோகன் சிங்குக்கும் ஜப்பானியருக்கும் மோதல் முற்றியது. மோகன் சிங் கைது ஆனார். கேசவ மேனன் செயற்குழுவை விட்டு விலகினார்.

யுத்த காலத்தில் ஜப்பான்காரன் பேச்சை மறுப்பது என்றால் தலையைப் பணயம் வைப்பதுதான். பிறகு ஜப்பானியர் கேசவ மேனனைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். 1945-ம் ஆண்டு ஜப்பான் சரண் அடைந்த பிறகுதான் அவருக்கு விடுதலை கிடைத்தது.

வெள்ளைக்கார ஆட்சிக் காலத்தில் சமஸ்தானச் சிறை. யுத்த காலத்தில் ஜப்பான் சிறை. இரண்டையும் பார்த்தவர் தாயகம் திரும்பினார். மீண்டும் "மாத்ருபூமி" ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தார்.

தூதர் என்றால் யார்?

நாடு சுதந்திரம் அடைந்தது. வெளிநாடுகளுக்கு எல்லாம் இந்தியா தன் சார்பில் ஆள் அனுப்ப வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் அந்த வேலை லண்டனில் நடந்தது. இப்போது யாரை அனுப்புவது? பிரதம மந்திரி நேரு, வெளிநாட்டைப் பார்த்தவர்களை, படித்தவர்களை, பேசவும் எழுதவும் தெரிந்தவர்களைத் தேடினார். வக்கீல்கள், பேராசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள் பலர் தூதர் ஆனது இப்படித்தான்.

ஒரு நாட்டின் சார்பில் இன்னொரு நாட்டில் இருந்துகொண்டு, தன் நாட்டு மக்களின் நலனைக் கவனிப்பவர் தூதர். இங்கிலாந்து ஆட்சியில் இருந்து விடுபட்டு "காமன்வெல்த்" அமைப்பில் உள்ள நாடுகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் தூதருக்கு "ஹை கமிஷனர்" என்று பெயர். பெயர்தான் வேறு. வேலை ஒன்றுதான்.

இலங்கைக்கு இந்தியாவின் ஹை கமிஷனராக முதலில் போனவர் வி.வி.கிரி. பின்னாளில் ஜனாதிபதி ஆனாரே, அவரேதான்! அவருக்குப் பிறகு 1951-ம் ஆண்டில் அந்தப் பதவிக்கு வந்தவர் கேசவ மேனன்.

கண்டிச் சீமைக் கண்ணீர்

அது சாதாரண நேரம் அல்ல. இலங்கையில் இருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் தலையெழுத்தே தொங்கிக்கொண்டு இருந்த நேரம்!

நூறு ஆண்டுக்கு மேலாகத் திருச்சி, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் சீமைகளில் இருந்து ஏழை மக்கள் பிழைப்புத் தேடிக் "கண்டிச் சீமை"க்குப் போனார்கள். காட்டை வெட்டினார்கள். முதலில் காப்பி, பிறகு தேயிலை பயிர் செய்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்கள் கணக்கில் அடங்கார். இலங்கைத் தேயிலை உலகம் எங்கும் பெயர் எடுத்தது என்றால், அது இவர்கள் வியர்வை!

1948-ம் ஆண்டு பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் ஒன்று வந்தது. தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தச் சட்டப்படி குடிமக்கள் அல்ல! மறு ஆண்டில் இன்னொரு சட்டம் வந்தது. "மனுப் போடுங்கள், ஆராய்ந்து குடியுரிமை தருகிறோம்" என்றது அது. திருமணம் ஆனவர் என்றால் 7 ஆண்டு, ஆகாதவர் என்றால் 10 ஆண்டு, இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்ததாக நிரூபிக்க வேண்டும்.

லயத்துக் காம்பராவில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்று எங்கே? கையெழுத்துப் போடத் தெரியாத தாய்க்கு தஸ்தாவேஜு எங்கே? ஊரில் அப்பா செத்தார் என்று ராமேசுவரம் வழியாக வந்து காரியம் செய்துவிட்டுத் திரும்பி இருந்தால், "இடைவிடாமல் வாழவில்லையே" என்றார்கள்!

மனுப் போடுவதற்குக் கடைசி நாள் 1951-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி. சுமார் 2 லட்சத்து 37 ஆயிரம் மனுக்கள் வந்தன. குடும்பத்தாரையும் சேர்த்தால் சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேர்! பல ஆண்டுகள் ஆராய்ந்து, கடைசியில் குடியுரிமை கொடுத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான்.

1947-ம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் ஓட்டால் இலங்கை இந்தியன் காங்கிரசு 7 இடங்களைப் பிடித்து இருந்தது. 1952-ம் ஆண்டுத் தேர்தல் வந்தபோது அந்த மக்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே இல்லை. ஏப்ரல் மாதக் கடைசியில் தொண்டமான் தலைமையில் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. நூறு நாளுக்கு மேல் நடந்தது. அதற்குச் சில வாரம் முன்புதான் பிரதமர் டி.எஸ்.சேனநாயகா குதிரையில் இருந்து விழுந்து மாண்டார். அவர் மகன் டட்லி சேனநாயகா பிரதமர் ஆகி இருந்தார்.

வைக்கத்தில் எளிய மக்களுக்குத் தெருவில் நடக்கும் உரிமை கேட்டுச் சிறைக்குப் போனவர் கேசவ மேனன். இப்போது கண் எதிரே எளிய மக்கள் நாட்டில் வாழும் உரிமை கேட்டு உட்கார்ந்து இருக்கிறார்கள்!

பேச வேண்டியவர் பேச முடியாது

இங்கேதான் பத்திரிகை ஆசிரியருக்கும் தூதருக்கும் உள்ள வேற்றுமை தெரியும்.

பத்திரிகை ஆசிரியரின் வேலை, மனதில் பட்டதை வெளிப்படையாக எழுதுவது. தூதரின் வேலை, மனதில் பட்டதை மனதிலேயே வைத்துக்கொண்டு, தம் அரசாங்கம் சொல்வதை மட்டும் சொல்வது. ஆசிரியருக்கு எஜமானர் வாசகர். தூதருக்கு எஜமானர் டெல்லி.

டெல்லியின் நிலையும் எளிதாக இல்லை. "இலங்கையிலேயே பிறந்து வளர்ந்த மக்கள் இலங்கையின் குடிமக்கள்தான்" என்பது இந்தியாவின் கட்சி. "அவர்கள் இந்தியர்கள், நீங்களே அழைத்துக்கொள்ளுங்கள்" என்பது இலங்கையின் கட்சி. இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவே பந்துபோல உருண்டவர்கள் தொழிலாளர்கள். நேச நாட்டோடு பகை வரக்கூடாது என்ற கவலையும் டெல்லிக்கு உண்டு.

கேசவ மேனனுக்கும் அரசாங்கத்துக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. 1952-ம் ஆண்டில் அவர் பதவியை விட்டு விலகினார்!

தூதர் மாளிகை, கொடி கட்டிய கார், விருந்து, வரவேற்பு எல்லாம் முடிந்தது. கோழிக்கோட்டுக்குத் திரும்பினார். பழைய பத்திரிகை, பழைய மேஜை, பழைய பேனா!

பதவிக்காகப் பத்திரிகையை விட்டவர்கள் உண்டு. பத்திரிகை கொடுத்த புகழை வைத்துப் பதவி தேடியவர்களும் உண்டு. பதவியை விட்டுவிட்டுப் பத்திரிகைக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர்?

அந்தப் பாதையில் நடந்த மற்றவர்கள்

பேனாவில் இருந்து தூதர் பதவிக்குப் போனவர்களில் கேசவ மேனன் மட்டும் அல்ல, வேறு சிலரும் பெயர் பெற்றவர்கள்.

கே.எம்.பணிக்கர், டெல்லி "இந்துஸ்தான் டைம்ஸ்" பத்திரிகையின் முதல் ஆசிரியர். பின்னாளில் சீனாவில் இந்தியத் தூதர். 1950-ம் ஆண்டு அக்டோபரில் ஒரு நடுராத்திரி, சீனப் பிரதமர் சூ என் லாய் அவரைக் கூப்பிட்டார். "அமெரிக்கப் படை கொரியாவில் 38-வது கோட்டைத் தாண்டினால் சீனா சும்மா இராது" என்ற எச்சரிக்கையை உலகத்துக்குச் சொல்லச் சொன்னார். பணிக்கர் சொன்னார். அமெரிக்கா அதை நம்பவில்லை. சொன்னபடியே சீனா யுத்தத்தில் குதித்தது!

சென்னை "இந்து" பத்திரிகையில் வேலை பார்த்த ஜி.பார்த்தசாரதி, சீனாவிலும் பாகிஸ்தானிலும் தூதராக இருந்தார். ஐக்கிய நாட்டுச் சபையிலும் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தார்.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ்.ராஜரத்தினம், சிங்கப்பூரில் பத்திரிகையாளராக இருந்தார். 1965-ம் ஆண்டு சிங்கப்பூர் தனி நாடு ஆனபோது அதன் முதல் வெளிநாட்டு மந்திரி ஆனார். 1967-ம் ஆண்டு "ஆசியான்" கூட்டமைப்பு பிறந்த பாங்காக் சாசனத்தில் சிங்கப்பூர் சார்பில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

கடைசி வரை பேனா

திரும்பி வந்த கேசவ மேனன் கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். பத்திரிகையில் எழுதினார். புத்தகங்கள் எழுதினார். ஏசுநாதர் வரலாற்றை எழுதினார். பிரிந்து கிடந்த மலையாள நாடு மொழி வழியாக ஒன்றுபட வேண்டும் என்று பாடுபட்டார். 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி கேரள மாநிலம் பிறந்ததைக் கண்ணாரக் கண்டார். 1966-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் அவருக்குப் "பத்மபூஷண்" பட்டம் கொடுத்தது.

1978-ம் ஆண்டு நவம்பர் மாதம் 9-ந் தேதி அவர் காலமானார். அப்போது வயது 92. கோழிக்கோட்டில் ஒரு சாலை அவர் பெயரால் விளங்குகிறது. அவர் தொடங்கிய "மாத்ருபூமி" 2023-ம் ஆண்டில் நூறு வயதைத் தாண்டி, இன்னும் தினமும் வீடுதோறும் போகிறது.

கண்டிச் சீமை மக்கள் என்ன ஆனார்கள்? 1964-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகா அம்மையாரும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும், 3 லட்சம் பேரை இலங்கை ஏற்கும், மீதி 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று பங்கு பிரித்தார்கள். மூட்டை முடிச்சோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கியவர்கள் ஆயிரம் ஆயிரம். அக்காள் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் பலர் குடியேறினார்கள். இலங்கையில் நாடற்றவராக மிஞ்சியவர்களுக்கு 2003-ம் ஆண்டில்தான் சட்டம் வந்து முழு வழி பிறந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று!

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பழமொழி. மரக்காணம் பாத்தியில் உப்பு வாரும் கை யாருடையது என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. கண்டி மலையில் கொழுந்து கிள்ளும் கை யாருடையது என்று தேநீர் குடிக்கிறவருக்குத் தெரியாது. அந்தக் கைகளுக்கு உரியவர்களைப் பற்றி ஊருக்குச் சொல்வதுதான் பத்திரிகையின் வேலை. அவர்களுக்காக வாதாடுவதுதான் தூதரின் வேலை.

இரண்டு வேலையையும் பார்த்தவர் கேசவ மேனன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து எடுக்க வேண்டி வந்தபோது, பேனாவைத் தேர்ந்து எடுத்தார்!